தன் மேலேயே கேஸ் போட்டுக்கொண்ட டாக்டர்

யானுஷ் கோர்ச்சாக் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களுக்கு அவரைப் பற்றி ஒரே ஒரு காட்சிதான் தெரிந்திருக்கும். 1942 ஆகஸ்ட் மாதம், நாஜிகள் பிடியில் இருந்த வார்சா நகரம். சுமார் 200 அநாதைக் குழந்தைகளைத் தெருவழியாக ரயிலடிக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அவர்களோடு ஒரு வயதான டாக்டரும் நடக்கிறார். தப்பித்துப் போக வழி இருந்தும் போகாதவர். அந்தக் காட்சி உண்மைதான். ஆனா அதை மட்டும் சொல்லி நிறுத்திட்டா, ஒருத்தர் எப்படிச் செத்தாருன்னு மட்டும்தான் சொன்ன மாதிரி. அறுபது வருஷத்துக்கு மேல அவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாருங்கறது அப்படியே விட்டுப்போயிடும்.

அதனால நாம வேற ஒரு இடத்துல இருந்து தொடங்கலாம். 1904 கோடை. ஏழை யூதச் சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட ஒரு கோடை முகாம். அதில் இந்த மனிதர் சொதப்பிய ஒரு ராத்திரி.

அதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பிறந்தது வார்சாவில், 1878-ஆ 1879-ஆ என்று அவருக்கே தெரியாது. அப்பா பிறப்பைப் பதிவு செய்வதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டார். அப்பா நகரத்தில் பேர்போன வக்கீல், வசதியான குடும்பம். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட அனுமதி கிடையாது. ஐந்து வயதில் ஹென்ரிக் வளர்த்த கேனரிக் குருவி செத்துப்போனது. அதைப் புதைத்து மேலே ஒரு சின்ன சிலுவை நடலாம் என்று நினைத்தான் பையன். கட்டடக் காவல்காரரின் மகன் வந்து தடுத்தான்: இது யூத வீட்டுக் குருவி, அதனால் யூதக் குருவி, சிலுவை வைக்கக்கூடாது. தான் யூதன் என்பதே ஹென்ரிக்குக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சாகிறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுதத் தொடங்கின டைரியிலகூட அந்தக் குருவியை அவர் மறக்கல.

பிறகு அப்பாவுக்கு மனநோய் வந்தது. மருத்துவமனைச் செலவிலேயே வீட்டுச் சொத்து கரைந்தது. 1896-இல் அப்பா இறந்துபோனார். ஹென்ரிக் டியூஷன் எடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1898-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதே வருஷம் ஒரு நாடகப் போட்டிக்கு எழுதி அனுப்பும்போது, ஒரு பழைய போலிஷ் நாவலின் நாயகன் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். அதுதான் யானுஷ் கோர்ச்சாக். அச்சுக்கோர்ப்பவர் யானாஷ் என்பதை யானுஷ் என்று மாற்றிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு.

இப்போ முகாமுக்கு வருவோம். அன்றைக்கு வார்சா ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் ஒரே அறையில் ஒரு முழுக் குடும்பம் இருக்கும். வெளிச்சம் இல்லாத முற்றங்கள், காசநோய், சாக்கடை. இந்தக் குழந்தைகளை வருஷத்தில் சில வாரமாவது காட்டுக் காற்று படுகிற இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மார்க்கியேவிச் என்ற டாக்டர் 1882-இல் ஒரு சங்கம் தொடங்கினார். கோடை முகாம் சங்கம் என்று பெயர். முழுக்க நன்கொடையில் ஓடியது. யூதக் குழந்தைகளுக்குத் தனி முகாம், கிறிஸ்தவக் குழந்தைகளுக்குத் தனி முகாம். மாணவராக இருந்தபோதே, 1900 முதல், கோர்ச்சாக் இந்தச் சங்கத்துக்காக வேலை செய்தார்.

1904-இல் மிஹாவூவ்கா என்ற இடத்தில் நடந்த யூதச் சிறுவர்கள் முகாமுக்கு அவரே போனார். ஒரு வார்டனுக்குச் சுமார் முப்பது பையன்கள். முப்பதுதானே, என்ன பெரிய விஷயம்னு நினைச்சுத்தான் கிளம்பியிருக்காரு. குழந்தைகள் மேல் அன்பு இருக்கிறது, கதை சொல்லத் தெரியும், மருத்துவமும் படிக்கிறார். வேறென்ன வேண்டும்?

எல்லாமே வேண்டியிருந்தது. யார் எந்தக் கட்டிலில் படுப்பது, சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்று எதையும் அவர் யோசித்து வைக்கவில்லை. முதல் நாளே சண்டை. பலமுள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்தான், மெலிந்தவன் அழுதான். முப்பது பேரின் பெயரும் நினைவில் நிற்கவில்லை. வீட்டில் இத்திஷ் பேசுகிற பிள்ளைகள். முகாம் நடந்தது போலிஷ் மொழியில். விளக்கணைத்த பிறகு இருட்டில் ஊளை, விசில், சிரிப்பு. ஓர் இரவு பொறுமை போய், கையில் கிடைத்த ஒருவனின் காதைப் பிடித்துத் திருகி, வெளியே நாய் கட்டவிழ்த்துக் கிடக்கிறது, அங்கே தள்ளிவிடுவேன் என்று மிரட்டினார்.

குழந்தைகளை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஆள், சில நாளிலேயே காதைத் திருகுகிற நிலைக்கு வந்துவிட்டார். இதை வேறு யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. பிற்பாடு எழுதிய புத்தகத்தில் அவரே ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறார். ஒரு கல்வியாளர் தன்னோட முதல் வேலையில எப்படி எப்படி அசிங்கப்பட்டாருன்னு இவ்வளவு விவரமா எழுதினது எனக்குத் தெரிஞ்சு அபூர்வம்.

அடுத்த நாள் பையன்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். அறிவுரை சொல்லவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும், உங்களால் என்ன முடியும் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார். குழந்தைகளைப் பார்த்துப் பேசாமல் குழந்தைகளோடு பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை என்று பின்னாளில் உணர்ந்தார். சின்ன வேற்றுமை உருபு மாதிரி தெரியும், ஐயும் ஓடும். ஆனா அவரோட மிச்ச வாழ்க்கை முழுக்க அந்த ஓடு பின்னாடிதான் ஓடியிருக்கு.

நடுவில் ஒரு போர். 1905-இல் மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு ரஷ்ய-ஜப்பான் போருக்கு ராணுவ டாக்டராக அனுப்பப்பட்டு, மஞ்சூரியா வரை போய்த் திரும்பினார். வந்ததும் வார்சாவின் யூதக் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. பணக்கார வீடுகளில் நல்ல ஃபீஸ் வாங்குவார், ஏழைகளை இலவசமாகப் பார்ப்பார். எழுத்தாளராகவும் பெயர் வந்துவிட்டது. இந்த நிலைமையில் மறுபடி முகாம் வார்டனாகப் போக யாருக்குத் தோன்றும்? 1907-இல் மறுபடி மிஹாவூவ்கா போனார். 1908-இல் வில்ஹெல்மூவ்கா என்ற முகாமுக்கு, அங்கே போலிஷ் கிறிஸ்தவச் சிறுவர்களோடு.

இந்தத் தடவை தயாராகப் போனார். கிளம்புவதற்கு முன்பே பெயர்ப் பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்தார். கட்டில், மேசை, துணி வைக்கும் இடம், எல்லாவற்றுக்கும் எண் போட்டு ஒழுங்கு வைத்தார். கூடவே புதிதாக ஒன்றையும் செய்துபார்த்தார். பையன்களுக்குள் சண்டை வந்தால் பையன்களிலேயே தேர்ந்தெடுத்த நீதிபதிகள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. முகாமுக்கென்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை. இரண்டுமே அப்போது விளையாட்டு மாதிரிதான் இருந்தன.

அந்த முகாமைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1910 வாக்கில் வந்தது. தலைப்பே மூன்று சாதாரண யூதப் பையன்களின் செல்லப் பெயர்கள்: மோஷ்கி, யோஸ்கி, ஸ்ரூலே. நம்ம ஊர்ல முருகன், முனியன், மாரின்னு ஒரு புத்தகத்துக்குத் தலைப்பு வச்ச மாதிரி. போலிஷ் வாசகர்களுக்கு இந்தப் பெயர்கள் கேலிக்குரியவை, தெருவில் கிண்டல் செய்யப் பயன்படுபவை. அவற்றைக் கொண்டுபோய் அட்டையில் பெரிதாகப் போட்டார். உள்ளே, முதல் தடவையாகக் காட்டைப் பார்க்கிற பிள்ளைகள், மழையில் மாட்டிக்கொள்கிற நாள், நீதிமன்றத்தில் வரும் வழக்குகள். அடுத்து போலிஷ் சிறுவர்கள் முகாமைப் பற்றி யூஸ்கி, யாஷ்கி, ஃப்ராங்கி என்று இன்னொரு புத்தகம். இரண்டையும் சேர்த்து வைத்துப் படித்தால் அவர் சொல்லாமல் சொன்ன விஷயம் புரியும். இரண்டு முகாமிலும் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் சண்டை போடுகிறார்கள், ஒரே மாதிரிதான் அழுகிறார்கள்.

முகாம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். குழந்தை மறுபடி அதே இருட்டு முற்றத்துக்குத்தான் திரும்ப வேண்டும். மருத்துவமனையிலும் அதே கதை. நிமோனியாவைக் குணப்படுத்தி அனுப்பினால், அதே ஈரச் சுவர் வீட்டிலிருந்து அடுத்த மாதம் வேறு நோயோடு வரும். இந்த யோசனை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. யூத அநாதைகளுக்கான ஓர் உதவிச் சங்கம் புதிய இல்லம் கட்டத் திட்டமிட்டபோது, மருத்துவமனையை விட்டுவிட்டு அதற்கு இயக்குநராகப் போனார். 1912-இல் க்ரோஹ்மால்னா தெரு 92-ஆம் எண்ணில் டோம் சியேரோட், அதாவது அநாதைகள் இல்லம், திறக்கப்பட்டது. ஏழு முதல் பதினான்கு வயது வரை, நூறு குழந்தைகள். மேல் மாடியில் கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறையில் டாக்டர் தங்கினார். இருபது வருஷம் அங்கேதான். மருத்துவமனையை விட்டுவந்தது நோயாளிக் குழந்தைகளுக்குச் செய்த துரோகமோ என்ற குற்ற உணர்ச்சி மட்டும் கடைசிவரை போகவில்லை.

இந்த இல்லத்தை அவர் கட்டமைத்த விதம் நம்மளை மாதிரி எஞ்சினியரிங் படிக்கிறவங்களுக்குச் செம சுவாரஸ்யமா இருக்கும். முகாமில் மாட்டிய ஒவ்வொரு சிக்கலுக்கும் இங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு குழந்தைக்கு டாக்டரிடம் ஏதோ சொல்ல வேண்டும், அவரோ வேலையாக இருக்கிறார் என்றால், அதற்கு ஒரு தபால்பெட்டி. எழுதிப் போடலாம். எழுதும்போதே பாதிக் கோபம் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. காணாமல் போன பொருளுக்கு ஒரு கண்ணாடி அலமாரி. ஒரு பட்டனோ, கயிற்றுத் துண்டோ, வளைந்த ஆணியோ கிடைத்தால் அதில் வைப்பார்கள். பெரியவர்களுக்குக் குப்பையாகத் தெரிவது ஒரு பையனுக்குச் சொத்து, அதற்குச் சொந்தக்காரன் இருக்கிறான் என்பது விதி. துடைப்பத்தையும் வாளியையும் மூலையில் ஒளிக்காமல் எல்லார் கண்ணிலும் படும் நல்ல இடத்தில் வைத்தார்கள். புதிதாக வரும் குழந்தைக்கு, ஏற்கெனவே இருக்கும் ஒரு குழந்தை பொறுப்பாளர்.

எனக்குப் பிடிச்சது பந்தயம். சண்டைக்காரப் பையன் ஒருத்தன் டாக்டர்கிட்ட வந்து, இந்த வாரம் இத்தனை சண்டைக்கு மேல போட மாட்டேன்னு பந்தயம் கட்டலாம். ஒரேயடியா சண்டையே போட மாட்டேன்னு சொன்னா டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. அது நடக்காதுன்னு அவருக்குத் தெரியும். வாரம் பத்து போடுகிறவன் எட்டு என்று தொடங்க வேண்டும். ஜெயித்தானா இல்லையா என்பதை அவன் வார்த்தையை வைத்தே முடிவு செய்வார். சாட்சி, விசாரணை எதுவும் கிடையாது. ஜெயித்தால் மிட்டாய்.

ஒவ்வொரு வாரமும் எல்லாக் குழந்தைகளையும் எடை பார்த்துக் குறித்து வைத்தார். தூங்குகிற பிள்ளைகளைக் கவனித்து எழுதினார். அன்பு ஒருபக்கம், அளந்து எழுதின நோட்டு ஒருபக்கம். அளக்காத அன்பை அவர் பெரிசா நம்பல போல.

எல்லாவற்றுக்கும் நடுவில் நீதிமன்றம். முகாமில் விளையாட்டாகத் தொடங்கியது இங்கே சட்டப் புத்தகத்தோடு வந்தது. யார் மேலும் யாரும் வழக்குப் போடலாம். அந்த வாரம் தங்கள் மேல் வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுப்பார்கள். சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் ஏதோ ஒரு விதத்தில் விட்டுவிடுவது, மன்னிப்பது பற்றியவை. தெரியாமல் செய்தான், முதல் தடவை, வருத்தப்படுகிறான், இப்படி. நூறாவது பிரிவில்தான் குற்றம் என்று சொல்வார்கள். அதுவும் சொல்வதோடு சரி. பிறகு 200, 300 என்று ஏறி, ஆயிரத்தில் இல்லத்தை விட்டு வெளியேற்றம். நாம படிச்ச எந்தச் சட்டத்துலயும் மன்னிப்புக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கினதா ஞாபகம் இல்ல.

இது அழகாக ஓடியது என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகள் தொட்டதற்கெல்லாம் கேஸ் போடுவேன் என்று ஒருவரை ஒருவர் மிரட்டத் தொடங்கினார்கள். பெரிய பையன்களுக்குச் சின்னவர்கள் தீர்ப்புச் சொல்வது அவமானமாக இருந்தது. ஒரு கட்டத்தில் கோர்ச்சாக்கே நீதிமன்றத்தை நிறுத்திவிட்டார். நான்கு வாரம் நீதிமன்றம் இல்லை. திரும்பத் தொடங்கியபோது சில திருத்தங்களோடு வந்தது. அதில் முக்கியமான ஒன்று: குழந்தைகள் இனி பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம்.

அந்த ஆறு மாதத்துக்குள் கோர்ச்சாக் ஐந்து தடவை தன்னைத் தானே நீதிமன்றத்தில் ஒப்படைத்துக்கொண்டார். ஒரு பையனின் காதைப் பிடித்துத் திருகியது. ஒருவனைப் படுக்கை அறையை விட்டு வெளியே தள்ளியது. ஒருவனை மூலையில் நிற்க வைத்தது. ஒரு நீதிபதியை அவமதித்தது. ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகப்பட்டது. முதல் இரண்டையும் கவனிங்க. மிஹாவூவ்காவுல அன்னைக்கு ராத்திரி நடந்ததேதான். பத்து வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் கோபம் அவரை விட்டுப் போகல. ஆனா இப்போ காதைத் திருகினா எழுந்து வந்து பதில் சொல்ல ஒரு இடம் இருந்துச்சு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அவர் வழக்கைக் கேட்டு, ஐந்திலும் நூறுக்குக் கீழே உள்ள பிரிவைக் கொடுத்து விட்டுவிட்டார்கள். அந்த வழக்குகள்தான் தன்னை ஒழுங்கான ஆசிரியராக்கின என்று அவர் நம்பினார்.

இங்கே ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் தப்பு. பெல்ஜியத்தில் அறிவியல் படித்துவிட்டு வந்தவர். இல்லம் திறந்த நாளிலிருந்து அன்றாட நிர்வாகம் முழுக்க அவர் கையில். முதல் உலகப் போரில் கோர்ச்சாக் நான்கு வருஷம் ரஷ்ய ராணுவ மருத்துவமனைகளில் இருந்தபோது, பசியிலும் நோயிலும் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தனியாகக் காப்பாற்றியவர் அவர்தான். கோர்ச்சாக் போர்முனையில் உட்கார்ந்து குழந்தையை எப்படி நேசிப்பது என்ற புத்தகத்தை எழுதினார். அந்த நேரத்தில் ஸ்டெஃபா அந்தக் குழந்தைகளுக்கு ரொட்டி தேடிக்கொண்டிருந்தார். சிலை பெரும்பாலும் டாக்டருக்குத்தான்.

நகரத்துக்கு நடுவில் எவ்வளவு நல்ல இல்லம் கட்டினாலும் காடு கிடையாது. அது கோர்ச்சாக்கை உறுத்திக்கொண்டே இருந்தது. 1921-இல் ஒரு யூதத் தம்பதி, இறந்துபோன தங்கள் மகள் ரோஷாவின் நினைவாக, விஸ்துலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்ஸ்வாவெக் என்ற இடத்தில் நிலத்தைக் கொடுத்தார்கள். குழந்தையின் பெயரிலேயே முகாமுக்கும் பெயர் வைத்தார்கள். ருஷிச்கா, குட்டி ரோஜா. அன்றிலிருந்து இல்லத்துக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு கோடையும் அங்கேதான். பின்னாடி ஒரு சிறு பண்ணையும் சேர்ந்தது. மிஹாவூவ்காவில் ஒரு மாதத்துக்குக் கடன் வாங்கின காடு, இங்கே குழந்தைகளுக்குச் சொந்தமாக ஆனது.

1920-களும் 30-களும் அவருடைய புகழ்க் காலம். சின்ன ராஜா மாட் பற்றிய அவருடைய கதை 1923-இல் வெளிவந்து போலந்து வீடுகளில் எல்லாம் நுழைந்தது. மரியா ஃபால்ஸ்காவோடு சேர்ந்து போலிஷ் குழந்தைகளுக்கான இன்னொரு இல்லத்திலும் வேலை செய்தார். வானொலியில் அவர் பேச்சுக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். ஆனால் ஒரு யூதர் நாட்டின் குழந்தைகளுக்கு வானொலியில் பேசுவதா என்ற எதிர்ப்புக்குப் பயந்து, சொந்தப் பெயரைச் சொல்லாமல் வயதான டாக்டர் என்ற பெயரில்தான் பேச விட்டார்கள். 1936-இல் அதையும் நிறுத்தினார்கள்.

நம்ம மாதிரி மாணவர் இதழ் நடத்துறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. 1926 அக்டோபர் 9-ஆம் தேதி, ஒரு யூத நாளிதழின் வார இணைப்பாக அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் குட்டி ரிவ்யூ என்று வைத்துக்கொள்ளலாம். எழுதுவது முழுக்கக் குழந்தைகள். நாடு முழுக்க நிருபர்கள், எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள், எழுதியதற்குச் சம்பளம் உண்டு. முகாமின் கையெழுத்துப் பத்திரிகைதான் இப்படி வளர்ந்து நின்றது. கடைசி இதழ் வெளிவந்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றைக்குக் காலையில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது.

முப்பதுகளில் அவர் இரண்டு தடவை பாலஸ்தீனம் போய்வந்தார். அங்கேயே தங்கிவிடலாமா என்று யோசித்தும் தங்கவில்லை. ஸ்டெஃபா அங்கே ஒரு கூட்டுப் பண்ணையில் பாதுகாப்பாக இருந்தவர், 1939-இல் போருக்குச் சில மாதம் முன்பு வார்சாவுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

நகரம் ஜெர்மானியர் கைக்குப் போனது. யூதர்கள் எல்லாரும் கையில் நட்சத்திரப் பட்டை கட்ட வேண்டும் என்று உத்தரவு. கோர்ச்சாக் கட்டவில்லை. போலிஷ் ராணுவ அதிகாரியின் பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். வீடு வீடாகப் போய்ப் பணமும் மளிகையும் கேட்டு வாங்கினார். 1940 கோடை வந்தது. அந்தச் சூழ்நிலையில் யாராவது முகாம் பற்றி நினைப்பார்களா? அவர் நினைத்தார். எப்படியோ அனுமதி வாங்கி, குழந்தைகளை ருஷிச்காவுக்குக் கூட்டிப்போனார். வெயில், மரம், தோட்டம். அதுதான் கடைசிக் கோடை.

அந்த வருஷக் கடைசியில் சுவர் எழுப்பி யூதர்களை அடைத்த கெட்டோவுக்குள் இல்லம் முழுவதும் மாற வேண்டியிருந்தது. க்ரோஹ்மால்னா தெரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது, குழந்தைகளுக்காக வைத்திருந்த உருளைக்கிழங்கு வண்டியை வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள். நியாயம் கேட்க நேரே ஜெர்மன் அலுவலகத்துக்கே போனார், அதே சீருடையில், பட்டை இல்லாமல். அடித்துச் சிறையில் போட்டார்கள். பழைய மாணவர்கள் பணம் கட்டி மீட்டார்கள். வெளியே வந்த பிறகு உடம்பு பழையபடி தேறவே இல்லை.

கெட்டோவில் பசியாலும் டைஃபஸாலும் தினமும் தெருவில் ஆட்கள் செத்தார்கள். அவர் சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் பிச்சை மாதிரி உதவி கேட்டு அலைந்தார். இல்லத்துக்குள்ளே மட்டும் எல்லாம் பழைய அட்டவணைப்படி. வாரம் ஒருமுறை எடை பார்ப்பது உண்டு, நீதிமன்றம் உண்டு, பத்திரிகை உண்டு. எடைப் பட்டியலில் எண்கள் ஏறவில்லை என்பதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. 1942-இல், குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த இன்னொரு காப்பகத்திலும் தனக்கு வேலை கொடுங்கள் என்று விண்ணப்பம் போட்டு வாங்கினார். சொந்த இல்லமே தள்ளாடும்போது இது தேவையா என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

1942 ஜூலை 18, இல்லத்துக் குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். நாடகம் நம்ம ரவீந்திரநாத் தாகூர் எழுதிய தபால் நிலையம். நோய்வாய்ப்பட்டு அறைக்குள் அடைக்கப்பட்ட அமல் என்ற சிறுவன், ஜன்னல் வழியே தெரிகிற மலையையும் பாதையையும் பார்த்து ஏங்குகிறான். ராஜாவிடமிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கெட்டோவுக்குள் இந்த நாடகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். குழந்தைகளைச் சாவுக்குத் தயார் செய்தார் என்பது பலர் சொல்வது. இருக்கலாம். எனக்கு என்னவோ, ரெண்டு வருஷமா ஒரு மரத்தைக்கூடப் பார்க்காத பிள்ளைங்களுக்கு வெளி உலகத்தைக் காட்ட அவர்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு நாடகம் மட்டும்தான்னு தோணுது. நான்கு நாளில், ஜூலை 22 அன்று, கெட்டோவிலிருந்து ஆட்களை ஏற்றிப்போவது தொடங்கியது.

அவரை வெளியே கொண்டுவர நண்பர்கள் போலி அடையாள ஆவணங்களோடு முயன்றார்கள். மறுத்துவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. குழந்தைகள், கோர்ச்சாக், ஸ்டெஃபா, மற்ற ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து ரயிலடிக்கு நடந்தார்கள். கையில் கொடி இருந்தது என்றும், பாட்டுப் பாடினார்கள் என்றும், கடைசி நிமிடத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரி அவரை மட்டும் விட முன்வந்தார் என்றும் பல கதைகள் உண்டு. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கதை இல்லாவிட்டாலும் குறைவில்லை. ரயில் போன இடம் ட்ரெப்ளிங்கா. யாரும் திரும்பவில்லை.

கெட்டோவில் இரவுகளில் அவர் எழுதிய டைரி மட்டும் எப்படியோ வெளியே வந்தது. ஃபால்ஸ்காவின் இல்லத்துச் சுவருக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து 1958-இல் அச்சிட்டார்கள். ட்ரெப்ளிங்காவில் இன்று ஆயிரக்கணக்கான நினைவுக் கற்கள் நிற்கின்றன. பெயர் பொறித்த கற்களில் இருப்பவை ஊர்களின் பெயர்கள். ஒரே ஒரு கல்லில் மட்டும் ஒரு மனிதரின் பெயர், கூடவே குழந்தைகள் என்ற சொல்.

க்ரோஹ்மால்னா தெருவில் இருந்த அந்த இல்லம் போரில் சேதமானாலும் இடிந்து போகவில்லை. தெருவின் பெயர் மாறிவிட்டது, கட்டடத்தைச் செப்பனிட்டுவிட்டார்கள். கூரைக்குக் கீழே டாக்டர் தங்கியிருந்த அந்த மாடி அறையை மட்டும் திரும்பக் கட்டவில்லை.